கூகுள் வணிகப் பதிவா, சொந்த இணையதளமா?

தையல் கடை, மெஸ், சைக்கிள் கடை போன்றவற்றுக்கு முதலில் கூகுள் வணிகப் பதிவுதான் (Google Business Profile; கூகுள் தேடலிலும் மேப்பிலும் கடை விவரங்களைக் காட்டும் பதிவு). காசு கிடையாது. அருகில் தையல் கடை தேடுபவருக்கு நேரம், தொலைபேசி எண், படங்கள், வழி எல்லாம் ஒரே திரையில் கிடைத்துவிடும். பொங்கலுக்குக் கடை விடுமுறை என்றால் அதையும் பதிவில் மறக்காமல் குறித்துவிடுங்கள்; பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பியவர் மறுபடி வருவது அரிது.

ஆனால் அது வாடகை இடம். அந்தப் பதிவோடு கூகுள் இலவசமாகத் தந்த குட்டி இணையதளங்கள் 2024 மார்ச்சில் நிறுத்தப்பட்டன. அவற்றையே நம்பியிருந்த கடைகள் புது முகவரி தேட வேண்டியதாயிற்று.

சொந்த இணையதளத்துக்கு டொமைன் (தளத்தின் இணைய முகவரி), ஹோஸ்டிங் (தளத்தை இணையத்தில் வைக்கும் இடம்) கட்டணம் தொடர்ந்து உண்டு. வெளியூருக்குப் புடவையோ ஊறுகாயோ அனுப்புபவர் அந்தக் கட்டணத்தைத் தயங்காமல் கட்டலாம். டொமைனை வடிவமைப்பாளர் பெயரில் விடாமல் உங்கள் பெயரிலேயே பதிவு செய்யுங்கள்.