உப்புக்காற்றில் ஒரு ஆறு அங்குல டெலஸ்கோப்: நிலாவுக்காகவே வாங்கலாம்

உச்சிப்புளி பக்கம் எங்கள் மொட்டை மாடியில் வைத்துப் பார்ப்பது ஆறு அங்குல டாப்சோனியன், அதாவது குழிக்கண்ணாடியால் ஒளியைக் குவிக்கும், எளிய தாங்கியில் சுழலும் டெலஸ்கோப். குவியத்தூரம் 1200 மில்லிமீட்டர், கூடவே கண் வைத்துப் பார்க்கும் 25, 10 மில்லிமீட்டர் லென்ஸ்கள் (ஐபீஸ்கள்), அதாவது 48 மடங்கு, 120 மடங்கு. பெட்டியில் அச்சடித்திருக்கும் கலர் கலரான நெபுலாவை (விண்வெளி வாயு மேகத்தை) நம்பி வாங்காதீர்கள், கண்ணுக்கு அப்படித் தெரியாது. ஆனால் நிலாவுக்கு இது அருமையான கருவி.

அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் பௌர்ணமியன்றுதான் ஆசையாக வருவார்கள். அன்றைக்கு சூரிய ஒளி நமக்குப் பின்னாலிருந்து நேராக விழுவதால் நிழலே இருக்காது, குழியும் மலையும் எடுபடாது. மேடுபள்ளம் பார்க்க வளர்பிறை அஷ்டமியை ஒட்டி வரச் சொல்லுங்கள். வெளிச்சமும் இருட்டும் சேரும் கோட்டோரம் 120 மடங்கில் வைத்தால், ஒவ்வொரு குழிக்குள்ளும் பாதி மை ஊற்றியதுபோல நிழல் கிடக்கும்.

அதற்காகப் பௌர்ணமியை விட்டுவிடக் கூடாது, நிலா எதனால் ஆனது என்று காட்டுவது அந்த ராத்திரிதான். கறுத்த பகுதிகள் இரும்புச்சத்து மிகுந்த எரிமலைக் குழம்பு உறைந்த பசால்ட், வெளுத்த மேட்டுநிலத்தில் இரும்பு குறைவு. ஐபீஸில் போனை வைத்துப் படம் எடுத்து நிறச்செறிவை ஏற்றிப் பாருங்கள், அமைதிக் கடல் என்று பெயர் பெற்ற கறுத்த சமவெளி லேசாக நீலம் பூசியும், அதை ஒட்டிய செரனிடாட்டிஸ் சமவெளி கொஞ்சம் பழுப்பாகவும் பிரிந்து வரும். அந்த நீலச் சாயலுக்குக் காரணம் டைட்டானியம், 1969இல் அப்பல்லோ 11 அங்கிருந்து கொண்டுவந்த பாறைகளிலும் அது நிறைய இருந்தது. மாடியில் நின்றுகொண்டு இதைப் பிரித்துப் பார்க்க முடிகிறதே, எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்!

இன்னொன்றும் கவனியுங்கள். வழவழப்பான உருண்டை என்றால் ஓரம் மங்க வேண்டும், முழுநிலாவில் ஓரமும் நடுவும் ஏறக்குறைய ஒரே வெளிச்சம். அப்புறம், பாதி நிலா முழுநிலாவில் பாதி வெளிச்சம் தருவதில்லை, ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். இரண்டுக்கும் காரணம் மேலே கிடக்கும் சொரசொரப்பான தூள்மண், ஒளி நேராக விழும்போது ஒவ்வொரு துகளும் தன் நிழலைத் தானே மறைத்துக்கொள்கிறது. யாரும் அங்கே கால் வைப்பதற்கு முன்பே, 1920களில், பிரெஞ்சு வானியலாளர் பெர்னார் லியோ நிலா ஒளியின் முனைவாக்கத்தை (ஒளியலை ஒரு திசையில் கூடுதலாக அதிர்வதை) அளந்து, அது எரிமலைச் சாம்பலின் ஒளியை ஒத்திருப்பதைக் காட்டிவிட்டார்.

தண்ணீரெல்லாம் இதில் தெரியாது. சந்திரயான்-1இல் போன கருவி, 3 மைக்ரான் அலைநீளத்தின் அருகே அகச்சிவப்பு ஒளி குறைவதை வைத்து நீர், ஹைட்ராக்சில் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த OH) தடயத்தைக் கண்டது, 2009இல் அறிவித்தார்கள். நம் கண்ணுக்கு அந்த ஒளியே எட்டாது.

சரி, குறைகள். கூடவே வரும் குறிபார்க்கும் சிவப்புப் புள்ளிக் கருவி சுமார் ரகம். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் குழாய் ஆடும், மாடிச்சுவர் மறைவில் வையுங்கள். பெரிய தலைவலி உப்பு. பனியோடு இறங்கி, காய்ந்ததும் கண்ணாடியில் பொடிப்பொடி வெள்ளைப் புள்ளியாக நிற்கும். துணியால் தேய்த்தால் அலுமினியப் பூச்சில் கீறல் விழும், வாலைவடிநீரை ஊற்றி அலசி, சாய்த்து வைத்துக் காயவிடுங்கள். பார்த்து முடித்ததும் இரண்டு முனையும் மூடி, வீட்டுக்குள் கொண்டுபோய்விடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் வாங்கினால் மழைமேகத்தைத்தான் பார்க்க வேண்டும். தை பிறக்கட்டும்.