நேரலை உரையா, பதிவு உரையா?

இணையவழி ஆய்வு மாநாடு நடத்துபவர்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான். கட்டுரையாளர் ஜூமில் நேரடியாகப் பேசுவதா, முன்கூட்டியே வீடியோ எடுத்து அனுப்பிவிடுவதா?

நேரலையில் ஓர் உயிர்ப்பு இருக்கும், சரி. ஆனால் நான் ஒருங்கிணைத்த ஓர் அமர்வில், 15 நிமிட உரையின் முதல் 4 நிமிடம் "ஸ்லைடு தெரியுதா?" என்பதிலேயே போனது. அப்புறம், மியூட் போட மறந்த யாரோ ஒருவர் வீட்டுக் குக்கர் மூன்று விசில் அடித்தது. கேள்வி நேரம் காலி.

பதிவு உரையில் இந்தத் தொல்லை இல்லை. எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில் நடக்கவிருந்த ஐசிஎல்ஆர் (ICLR) என்ற இயந்திரக் கற்றல் ஆய்வு மாநாடு 2020இல் கொரோனாவால் இணையத்துக்கு மாறியபோது இதைத்தான் செய்தார்கள். உரைகள் முன்கூட்டியே எடுத்த வீடியோ, கேள்வி பதில் மட்டும் நேரலை, அதுவும் ஒரு கட்டுரைக்கு இரண்டு வேளை. அதில் ஒன்று உங்கள் ஊரில் நள்ளிரவானால் இன்னொன்றுக்கு வரலாம். ஒரே குறை, வீடியோவைப் பார்க்காமலே வந்து உட்காருபவர்கள். அதனால் 5 நிமிடத்துக்கு மேல் வீடியோ வாங்காதீர்கள்.

என் ஓட்டு பதிவுக்கே. தொடக்க உரையை மட்டும் நேரலையில் வைப்பேன், அதுவும் முந்தின நாளே ஒத்திகை பார்த்துவிட்டு.