கிரான் டூரிஸ்மோ 7: செட்டப் தாளோடு மூன்று ஆண்டுகள்

2022 மார்ச்சில் வெளியான கிரான் டூரிஸ்மோ 7 என்ற கார் பந்தய விளையாட்டை, அந்த ஆண்டின் இறுதியிலிருந்து பிளேஸ்டேஷன் 5 கன்சோலில் தொடர்ந்து ஆடி வருகிறேன். ஸ்டீயரிங் சக்கரமும் பெடல்களும் என்னிடம் இல்லை, எல்லாம் கன்ட்ரோலரில்தான். இந்த மூன்று ஆண்டுகளில் போட்டிகளில் செலவிட்ட நேரத்தைவிட, காரின் அமைப்புகளை மாற்றி மாற்றி ஒரே தடத்தில் தனியாகச் சுற்றிவந்த நேரமே அதிகம். ஆகவே இந்தப் பகிர்வு விளையாட்டு முழுவதையும் பற்றியதன்று. அதன் செட்டப் தாளைப் பற்றி, அதாவது சஸ்பென்ஷன், டிஃபரன்ஷியல் (எஞ்சின் விசையை இடது, வலது சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பகுதி), டவுன்ஃபோர்ஸ் (காற்று காரைத் தரையோடு அழுத்தும் விசை), கியர் விகிதம் ஆகியவற்றின் எண்கள் அடங்கிய அந்த ஒரு திரையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

தொடக்கத்தில் நான் செய்ததையே பெரும்பாலோர் செய்கிறார்கள் என்று நினைக்கிறேன். பிறர் பகிர்ந்த செட்டப் எண்களை அப்படியே எடுத்து என் காரில் பொருத்திக்கொண்டேன். சில வேளைகளில் நேரம் குறைந்தது. பல வேளைகளில் கார் முன்பைவிட முரண்டு பிடித்தது. எண்களைக் கொடுத்தவர் எந்த டயரில், எந்தத் தடத்தில், பிரேக்கை எவ்வளவு தூரம் வளைவுக்குள் இழுத்துச் செல்லும் பழக்கத்தோடு ஓட்டினார் என்பது எனக்குத் தெரியாது. ஒருவருடைய மூக்குக்கண்ணாடியை இன்னொருவர் போட்டுக்கொண்ட கதைதான். அதை உணர்ந்த பிறகு, ஒரே காரையும் ஒரே தடத்தையும் எடுத்துக்கொண்டு முதலிலிருந்து கற்பது என்று முடிவு செய்தேன். கார், மாஸ்டா ஆர்எக்ஸ்-7 எஃப்டி, 2002ஆம் ஆண்டின் ஸ்பிரிட் ஆர், தடம், ஜப்பானில் உள்ள, 5.807 கிலோமீட்டர் நீளமுள்ள சுசூகா. டயர், ஸ்போர்ட்ஸ் ஹார்டு. பிடிமானம் மிகுந்த ரேசிங் டயர்கள் காரின் குறைகளை மூடி மறைத்துவிடும் என்பதால் வேண்டுமென்றே கடினமான டயரைத் தேர்ந்தேன்.

சுசூகாவைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. எட்டு என்ற எண்ணின் வடிவில் தன்னைத்தானே குறுக்கே கடந்து செல்லும் அந்தத் தடத்தில் இடமும் வலமுமாக எல்லா வகை வளைவுகளும் இருக்கின்றன. தொடக்கத்தில் வரும் எஸ் வளைவுகள் எடை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மாறும் வேகத்தைச் சோதிக்கின்றன. டெக்னர் வளைவு, பிரேக்கை விடும் கணத்தில் காரின் மூக்கு எங்கே திரும்புகிறது என்பதைக் காட்டிக் கொடுக்கிறது. ஸ்பூன் வளைவில் ஆக்சிலரேட்டரை எவ்வளவு முன்னதாக மிதிக்க முடிகிறதோ அந்த அளவுக்கு அடுத்து வரும் நீண்ட நேர்வழியில் வேகம் கிடைக்கிறது. ஒரே சுற்றில் இத்தனை கேள்விகளைக் கேட்கும் தடங்கள் குறைவு.

முதல் பெரிய பாடம் ஸ்பூன் வளைவில் கிடைத்தது. அந்த வளைவின் இரண்டாம் பகுதியிலிருந்து வெளியேறும்போது, மூன்றாம் கியரில், ஆக்சிலரேட்டராகச் செயல்படும் ஆர்2 விசையைப் பாதிக்கு மேல் அழுத்தினால் காரின் பின்பகுதி எந்த முன்னறிவிப்பும் இன்றி வெளியே வீசியது. பின்புறம் வழுக்குகிறது என்றால் பின்புறத்தை மென்மையாக்க வேண்டும் என்று படித்திருந்தேன். அதன்படி பின் ஆன்டி-ரோல் பாரை, அதாவது வளைவில் கார் பக்கவாட்டில் சாய்வதைக் கட்டுப்படுத்தும் கம்பியின் விறைப்பை, ஒவ்வொரு படியாகக் குறைத்தேன். பின் ஸ்பிரிங்கின் எண்ணைக் குறைத்தேன். பின் டவுன்ஃபோர்ஸைக் கூட்டினேன். மூன்று மாலைகள் இப்படிக் கழிந்தன. வழுக்கல் சற்றுத் தாமதமாக வந்ததே தவிர நிற்கவில்லை. போதாக்குறைக்கு, நடு வளைவில் காரின் முன்பகுதி திரும்ப மறுக்கத் தொடங்கியது.

நான்காம் நாள் மறு ஒளிபரப்பைப் பின்புறக் கேமராவில் மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். கார் வீசும் அந்தக் கணத்தில் இரண்டு பின்சக்கரங்களிலிருந்தும் ஒரே நேரத்தில் புகை கிளம்பியது. விடை அதில்தான் இருந்தது. வளைவில் உள்சக்கரத்தின் மீது சுமை குறைவு, வெளிச்சக்கரத்தின் மீது அதிகம். டிஃபரன்ஷியல் தளர்வாக இருந்தால் உள்சக்கரம் முதலில் தனியாகச் சுழன்றிருக்க வேண்டும். இரண்டும் ஒன்றாகப் பிடியை விட்டன என்றால், டிஃபரன்ஷியல் இரண்டையும் இறுக்கமாகப் பூட்டி வைத்திருக்கிறது என்று பொருள். பூட்டியிருக்கும்வரை கார் நேராகவே போக விரும்பும். பிடி விட்டுப் போகும்போது இரண்டு டயர்களும் சேர்ந்தே விட்டுவிடும். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது டிஃபரன்ஷியல் எவ்வளவு இறுகுகிறது என்பதைக் குறிக்கும் ஆக்சிலரேஷன் சென்சிடிவிட்டி, செட்டப் தாளில் 40 என்று இருந்தது. மற்ற எல்லா எண்களையும் பழையபடி வைத்துவிட்டு அதை மட்டும் 22க்குக் குறைத்தேன். அடுத்த சுற்றில் ஸ்பூனில் கார் என் விரலின் அழுத்தத்துக்கு ஏற்றபடி வெளியே வந்தது. இன்னும் குறைத்து 12க்குக் கொண்டுபோனபோது உள்சக்கரம் மட்டும் வீணாகச் சுழன்று வேகம் சேராமல் போனது. மீண்டும் 22க்கே திரும்பினேன். இன்றுவரை அந்தக் காருக்கு அதுவே இருக்கிறது.

அன்றிலிருந்து ஒரு வளைவில் கார் தவறு செய்தால், எந்தப் பகுதியை மாற்றுவது என்று யோசிப்பதற்கு முன்னால், தவறு வளைவின் எந்தக் கட்டத்தில் நிகழ்கிறது என்று கேட்கப் பழகினேன். பிரேக் பிடித்தபடி நுழையும்போதா, எந்த விசையையும் தொடாமல் உருளும் நடுக்கணத்திலா, ஆக்சிலரேட்டரைக் கொடுத்து வெளியேறும்போதா? நுழைவில் என்றால் என் பார்வை முதலில் பிரேக் சமநிலைக்கும் (முன், பின் சக்கரங்களுக்கு இடையே பிரேக் விசை பகிரப்படும் அளவு), டிஃபரன்ஷியலின் பிரேக்கிங் சென்சிடிவிட்டிக்கும் (பிரேக் பிடிக்கும்போது அது இறுகும் அளவு) செல்கிறது. நடுவில் என்றால் ஆன்டி-ரோல் பாரும் ஸ்பிரிங்கும் கேம்பரும் (முன்னிருந்து பார்க்கும்போது சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்). வெளியேறும்போது என்றால் ஆக்சிலரேஷன் சென்சிடிவிட்டி. அடுத்தது, எடை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மாறிக்கொண்டிருக்கும் கணங்களுக்கான டாம்பர்கள், அதாவது ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் பகுதிகள். ஒரே குறைபாட்டுக்குப் பல காரணங்கள் இருக்கக்கூடும் என்றாலும், கட்டத்தைச் சரியாகக் கண்டுகொண்டால் தேட வேண்டிய இடம் பாதிக்கு மேல் சுருங்கிவிடுகிறது.

டிஃபரன்ஷியலின் மூன்று எண்களுமே ஓட்டும் உணர்வை மற்ற எதையும்விட அதிகமாக மாற்றுகின்றன என்பது என் முடிவு. இனிஷியல் டார்க் எப்போதும் இருக்கும் அடிப்படை இறுக்கம். அதைக் கூட்டினால் கார் நிதானமாகும், ஆனால் குறுகிய வளைவில் திரும்பச் சோம்பல் காட்டும். பிரேக்கிங் சென்சிடிவிட்டியை உயர்த்தினால் நுழைவில் பின்பகுதி அசையாமல் இருக்கும். குறைத்தால் மூக்கு உள்ளே பாயும். கன்ட்ரோலரில் ஓட்டுபவர்களுக்கு இந்த இறுதி எண் மிக முக்கியம். கட்டைவிரலால் திருப்பும் குச்சியில், வழுக்கலைத் திருத்துவதற்கான எதிர்த்திருப்பத்தை நுணுக்கமாக அளந்து கொடுப்பது ஸ்டீயரிங் சக்கரத்தைவிடக் கடினம். ஆகவே நுழைவில் சிறிது நிதானத்தை விலை கொடுத்தாவது வாங்கிக்கொள்வதே எனக்குச் சரிப்பட்டது.

சஸ்பென்ஷனில் எனக்கு நெடுநாள் புரியாமல் இருந்தது ஸ்பிரிங்கின் எண். இந்த விளையாட்டில் ஸ்பிரிங்கின் விறைப்பு ஹெர்ட்ஸில், அதாவது இயல் அதிர்வெண்ணாகத் தரப்படுகிறது. ஒரு ஸ்பிரிங்கின் மேல் நிற்கும் எடை தானாக ஆடினால் வினாடிக்கு எத்தனை முறை ஆடும் என்பதே அந்த எண். அதிர்வெண் விறைப்பின் வர்க்கமூலத்தைச் சார்ந்திருப்பதால், 2.00 என்பதை 2.20 ஆக்குவது பத்து சதவீத மாற்றம் போலத் தோன்றினாலும் விறைப்பு 21 சதவீதம் கூடுகிறது, 2.00 என்பதை 3.00 ஆக்கினால் விறைப்பு இரண்டேகால் மடங்காகிறது. இது தெரியாமல் நான் 0.30, 0.40 என்று தாவிக்கொண்டிருந்தேன். இப்போது 0.05 அல்லது 0.10 என்ற அளவில்தான் நகர்கிறேன். ஹெர்ட்ஸ் முறையில் ஒரு நன்மையும் இருக்கிறது. எடை குறைந்த காருக்கும் எடை கூடிய காருக்கும் ஒரே எண் ஏறத்தாழ ஒரே விதமான குணத்தைக் குறிப்பதால், ஒரு காரில் கற்றதை இன்னொன்றுக்கு எடுத்துச் செல்வது எளிதாகிறது.

டாம்பர்களுக்கும் இதே பொறுமை தேவை. அமுங்கும்போது செயல்படுவதற்கு ஒன்று, விரியும்போது செயல்படுவதற்கு ஒன்று எனச் சதவீதத்தில் தரப்படும் இரண்டு எண்கள் இருக்கின்றன. சுசூகாவின் எஸ் வளைவுகளில் இரண்டாவதிலிருந்து மூன்றாவதற்குக் குச்சியைப் புரட்டும்போது, கார் ஒரு கணம் பதில் சொல்லாமல் மிதப்பது போல் இருந்தது. விரிவுக்கான எண்ணை முன்பக்கம் நான்கு புள்ளிகள் உயர்த்தியதும் அந்த மிதப்பு மறைந்தது. சுற்று நேரத்தில் கிடைத்த லாபம் மிகச் சிறியது. ஆனால் அந்த வளைவுகளில் நான் செய்யும் தவறுகள் குறைந்தன. நெடும்போட்டியில் அதன் மதிப்பு பெரிது.

கேம்பரையும் டோவையும் (மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் கோணம்) பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. முன்சக்கரங்களுக்குச் சிறிதளவு நெகடிவ் கேம்பர், பின்சக்கரங்களுக்குச் சிறிதளவு உள்நோக்கிய டோ என்று வைத்துவிட்டு, மற்ற யாவும் சரியான பிறகே அவற்றைத் தொடுகிறேன். கியர் விகிதத்தில், நீண்ட நேர்வழியின் முடிவில் கடைசி கியர் உச்சச் சுழற்சியை எட்டும்படி இறுதி விகிதத்தை அமைப்பதும், முக்கியமான வளைவிலிருந்து வெளியேறும்போது எஞ்சின் வலுவான சுழற்சியில் இருக்கும்படி பார்த்துக்கொள்வதும் போதும்.

காரின் உயரம் பற்றி ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் நார்ட்ஷ்லைஃபே தடம் கற்றுத் தந்தது. கார் தாழ்வாக இருந்தால் எடையின் மையம் தாழும், அது நல்லது என்று எல்லாக் கார்களையும் முடிந்தவரை தரையோடு இறக்கி வைத்திருந்தேன். சுசூகாவின் சீரான பரப்பில் அதனால் தீங்கில்லை. ஆனால் இருபது கிலோமீட்டருக்கு மேல் நீளும் அந்தக் காட்டுத் தடத்தில், ஃபுக்ஸ்ரோரேயின் இறக்கம் முடிந்து தடம் சட்டென்று மேலெழும் பள்ளத்தில், கார் அடிவரை அமுங்கி மோதி, ஒரு நொடிக்கு ஸ்டீயரிங் எதற்கும் கட்டுப்படாமல் போனது. ஃப்ளான்ஸ்கார்டனில் துள்ளி இறங்கும் இடத்திலும் அப்படியே. உயரத்தை 20 மில்லிமீட்டர் கூட்டி, ஸ்பிரிங்கைச் சிறிது மென்மையாக்கி, ஆன்டி-ரோல் பாரை ஒரு படி ஏற்றி அந்த மென்மையை ஈடுசெய்தேன். ஃபுக்ஸ்ரோரேயை அதன் பிறகு பிரேக்கைத் தொடாமல் கடக்க முடிந்தது. ஒரு தடத்தின் செட்டப்பை இன்னொரு தடத்துக்குக் கொண்டுபோகும்போது நான் முதலில் பார்ப்பது இப்போது உயரத்தைத்தான்.

சோதிக்கும் முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் முறை இல்லாமல் செய்த முதல் ஓராண்டு முழுவதும் எனக்கு ஏறத்தாழ வீண். ஒரு நேரத்தில் ஓர் எண்ணை மட்டுமே மாற்றுகிறேன். மாற்றிய பின் ஆறு சுற்றுகள் ஓட்டி, முதல் சுற்றை விட்டுவிட்டு, மற்ற ஐந்தின் நேரங்களையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுகிறேன். சிறந்த சுற்றைக் காட்டிலும் அந்த ஐந்துக்கும் இடையிலான வேறுபாட்டையே அதிகம் கவனிக்கிறேன். ஒரு செட்டப் ஒரே ஒரு அற்புதமான சுற்றையும் நான்கு தடுமாற்றங்களையும் தந்தால் அதை ஏற்பதில்லை. நேரத்துக்கு அருகில் ஒரு வரி விளக்கமும் எழுதுகிறேன்: "டெக்னரில் மூக்கு தாமதம்", "ஹேர்பினில் உள்சக்கரப் புகை" என்பது போல. பல மாதங்கள் கழித்துத் திரும்பிப் பார்க்கும்போது எண்களைவிட இந்த வரிகளே உதவுகின்றன. ஒரே காருக்குப் பல செட்டப் தாள்களைச் சேமித்து வைக்க விளையாட்டு இடம் தருவதால், பழைய தாளையும் புதிய தாளையும் அடுத்தடுத்து ஏற்றி ஒப்பிடுவதும் எளிது.

2024 ஜூலையில் வந்த 1.49 பதிப்பில் காரின் இயற்பியல் மாதிரி திருத்தப்பட்டது. என் பழைய தாள்களில் பல அதன் பிறகு அதே விதமாக நடந்துகொள்ளவில்லை. எண்களை மட்டும் மனப்பாடம் செய்திருந்தால் எல்லாமே கைவிட்டுப் போயிருக்கும். நோட்டுப் புத்தகத்தில் காரணங்களும் இருந்ததால், ஆர்எக்ஸ்-7ஐ ஒரே வார இறுதியில் மீண்டும் என் வசத்துக்குக் கொண்டுவர முடிந்தது. ஸ்பிரிங்கின் எண்கள் மாறின. ஸ்பூனுக்கான 22 மட்டும் மாறவில்லை.

கார்களின் திறனைச் சமப்படுத்தி, செட்டப்பைப் பூட்டி வைத்து நடத்தும் போட்டிகளில் இவ்வளவு உழைப்பும் பயன்படாதே என்று நண்பர் ஒருவர் கேட்டார். அப்போட்டிகளில் பிரேக் சமநிலை போன்ற சிலவற்றைத்தான் மாற்ற முடியும் என்பது உண்மைதான். ஆனால் பூட்டப்பட்ட காரிலும் குறைபாடு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரிகிறது. தாளில் மாற்ற முடியாததை விரலால் மாற்றுகிறேன். பிரேக்கைச் சற்று முன்னதாக விடுகிறேன், அல்லது ஆக்சிலரேட்டரை இரண்டு கட்டங்களாகக் கொடுக்கிறேன்.

இப்போது கையில் இருப்பது முன்சக்கர இயக்கம் கொண்ட ஹோண்டா இன்டெக்ரா டைப் ஆர். இழுப்பதும் திரும்புவதும் முன்சக்கரங்களின் வேலையே என்பதால், ஆர்எக்ஸ்-7இல் கற்ற பலவற்றை இங்கே தலைகீழாகச் செய்ய வேண்டியிருக்கிறது. பின் ஆன்டி-ரோல் பாரைக் கூட்டக் கூட்ட கார் நன்றாகத் திரும்புகிறது, 8இல் வைத்திருக்கிறேன். ஆனால் டெக்னரின் முதல் வளைவில் ஆக்சிலரேட்டரிலிருந்து விரலைச் சட்டென்று எடுத்தால் பின்பகுதி சுற்றிக்கொண்டு வருகிறது. பாரை 7க்கு இறக்குவதா, பின் ஸ்பிரிங்கை 0.10 குறைப்பதா என்று இரண்டு தாள்களைத் தயாராக வைத்திருக்கிறேன். முதலாவதற்கான ஆறு சுற்றுகளை இன்றிரவு ஓட்ட வேண்டும்.