கஜாவுக்குப் பிறகு வாங்கிய செயின்சா: ஏழாண்டுப் பயன்பாட்டில் கண்ட பழுதுகள்

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல், பேராவூரணிப் பக்கம் இருக்கும் எங்கள் தோப்பில் எழுபதுக்கு மேற்பட்ட தென்னைகளைச் சாய்த்துவிட்டுப் போனது. அறுப்பதற்கு ஆள் கிடைக்கவில்லை. கிடைத்தவர்கள் கேட்ட கூலி கட்டுப்படியாகவில்லை. பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, 58 சிசி டூ ஸ்ட்ரோக் எஞ்சினும் 22 அங்குலப் பாரும் (செயின் சுற்றியோடும் நீண்ட தகடு) கொண்ட, பெயர் பெறாத நிறுவனத்தின் செயின்சா ஒன்றைப் பத்தாயிரம் ரூபாய்க்குள் வாங்கினேன். ஒரு பருவம் தாங்கினாலே போதும் என்று வாங்கிய மெஷின், இன்றும் கொட்டகையில் வேலை செய்யும் நிலையில் இருக்கிறது. இத்தனை காலத்தில் அது பழுதானபோதெல்லாம் பார்த்தவர்கள் சொன்ன முதல் வார்த்தை 'கார்ப்பு போச்சு' என்பதுதான். உண்மையில், பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் அந்தக் கார்புரேட்டர் குற்றவாளியாக இருந்தது இரண்டே முறைதான்.

முதல் பழுது என்று நான் நினைத்தது பழுதே அல்ல. வாங்கிய மூன்றாம் நாளே மெஷின் 'இழுவை இல்லாமல்' போனது. முழு வேகத்தில் சுற்றியும் மரத்தில் இறங்கவில்லை, புகை மட்டும் வந்தது. தென்னைக்கு வைரம் வெளியே, சோறு உள்ளே. அந்த வெளிவைரமே பற்களைத் தின்னும். விழுந்த மரமென்றால் சேறும் மணலும் வேறு ஒட்டிக்கொண்டிருக்கும். செயின் கூராக இருந்தால் சீவல் சீவலாக வந்து விழும், மழுங்கிவிட்டால் மாவு போல் தூள் வரும். எஞ்சினைச் சந்தேகிக்கும் முன் கீழே விழுவதைக் குனிந்து பார்த்தாலே போதும். என் செயின் .325 அங்குல வகை என்பதால் அதற்கு 4.8 மில்லிமீட்டர் உருண்டை அரம் வேண்டும். கடைக்காரர் கொடுத்த 4 மில்லிமீட்டர் அரத்தால் ஒரு வாரம் ராவி, பற்களின் அடியில் பள்ளம் பறித்து ஒரு செயினையே வீணாக்கினேன். 30 பாகை சாய்வில், உள்ளிருந்து வெளிநோக்கி, எல்லாப் பற்களுக்கும் ஒரே எண்ணிக்கையில் ராவ வேண்டும். ஒரு பக்கப் பற்கள் குட்டையாகிவிட்டால் அறுப்பு நேராக இறங்காமல் அரிவாள் போல் வளைந்து போகும். பற்களுக்கு முன்னால் நிற்கும் மேடுகளையும் நாலைந்து ராவலுக்கு ஒரு முறை தட்டை அரத்தால் தேய்த்து, பல்லின் நுனியைவிட ஏறத்தாழ 0.65 மில்லிமீட்டர் தாழ்வாக வைக்க வேண்டும்; இதைச் செய்யாதவர்களின் செயின் கூராக இருந்தும் மரத்தைக் கடிக்காது. செயினில் கை வைக்கும் முன், தீப்பொறி தரும் பிளக்கின் மூடியைக் கழற்றிவிடுவது நான் ஒரு நாளும் மீறாத வழக்கம்.

கயிற்றை ஏழெட்டு முறை இழுத்தும் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால், நான் முதலில் கழற்றுவது பிளக்கை. நுனி காய்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை என்று பொருள். நனைந்து மணத்தால், தீப்பொறி இல்லை அல்லது சோக்கை மூடியபடியே இழுத்து எஞ்சினை மூழ்கடித்திருக்கிறோம். பின்னதுதான் பெரும்பாலும் நடப்பது. சோக்கை மூடி இழுக்கையில் எஞ்சின் ஒரு முறை 'டப்' என்று இருமும். அந்த நொடியே சோக்கைத் திறந்துவிட வேண்டும் என்பதை ஒரு மாதம் தோள் வலித்த பிறகுதான் கற்றேன். மூழ்கிவிட்டால் பிளக்கைக் கழற்றி, சுவிட்சை அணைத்து, துளை கீழ்நோக்கி இருக்குமாறு கவிழ்த்துக் கயிற்றை ஆறேழு முறை இழுத்தால் பெட்ரோல் வெளியேறிவிடும். பிளக் இடைவெளியை 0.6 முதல் 0.7 மில்லிமீட்டருக்குள் வைத்துக்கொள்கிறேன்.

பெட்ரோலைப் பொறுத்தவரை, என் மெஷினின் குறிப்பேடு சொல்வது ஒரு லிட்டருக்கு 40 மில்லி டூ-டி ஆயில், அதாவது 25-க்கு 1 என்ற கலவை. பெட்ரோல் பங்க்குகளில் எத்தனால் கூடிய பெட்ரோல் வந்தபின், மாதக்கணக்கில் தொட்டியில் கிடக்கும் கலவை முன்னைவிட அதிகம் தொல்லை தருவதைக் கண்டேன். எத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சுவதோடு ரப்பரையும் கெடுக்கும். கார்புரேட்டர் குற்றவாளியான அந்த இரண்டு முறையும் நடந்தது இதுதான்: உள்ளே இருக்கும் டயாப்ரம் என்ற மெல்லிய சவ்வு, துணி போல் தொய்வாக இருப்பதற்குப் பதில் பழைய பிளாஸ்டிக் தாள் போல் விறைத்து, விரலால் தட்டினால் 'டக்டக்' என்று சத்தம் போட்டது. விறைத்த டயாப்ரம், பெட்ரோலை உள்ளே விடும் ஊசி வால்வை வேண்டிய அளவு திறக்காது. எஞ்சின் சும்மா ஓடும், ஆக்சிலேட்டரை அழுத்தினால் அணைந்துவிடும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டயாப்ரம் கிட்டை மாற்றினால் சரியாகிவிடும். இப்போது வேலை முடிந்ததும் தொட்டியைக் காலி செய்து, மீதம் எரிந்து தானாக அணையும்வரை ஓடவிட்டுத்தான் மூலையில் வைக்கிறேன்.

பத்து நிமிடம் ஒழுங்காக ஓடிவிட்டுப் பிறகு அணையும் பழுதுதான் அதிகம் ஏமாற்றுவது. அதற்குப் பொதுவாக இரண்டு காரணங்கள் உண்டு. பிரித்தறிய ஒரு எளிய வழியும் உண்டு. அணைந்த உடனே பெட்ரோல் மூடியைத் திறக்க வேண்டும். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுக்கப்பட்டு, மூடியதும் எஞ்சின் உடனே பிடித்துக்கொண்டால், தொட்டியின் மூச்சுத்துளை அடைத்திருக்கிறது; என் மெஷினில் தென்னந்தூள் பசை போல் அப்பியிருந்தது. மூடியைத் திறந்தும் பயனில்லாமல், அரை மணி நேரம் ஆறிய பிறகே பிடிக்கிறது, சூட்டில் பிளக்கில் தீப்பொறியும் இல்லை என்றால், பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் போய்விட்டது. புதிய காயிலைப் பூட்டும்போது அதற்கும் காந்தம் பதித்த சுழல் சக்கரமான ஃபிளைவீலுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டைச் செருகி, காந்தம் இழுத்துப் பிடித்த நிலையில் திருகை முடுக்கி, பிறகு கார்டை உருவிவிட்டால் இடைவெளி சரியாக அமையும்.

என் கைப்பிழையால் நேர்ந்த பெரும் பழுது 2021 மழைக்காலத்தில் தொடங்கியது. ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் உடனே அடங்காமல், நாலைந்து நொடி இரைந்துவிட்டுத்தான் தணிந்தது. எஞ்சின் சும்மா ஓடும் வேகத்தை அமைக்கும் ஐடில் திருகைச் சற்றுக் குறைத்தேன், அடங்கியது. சில நாளில் மறுபடி இரைந்தது, மறுபடி குறைத்தேன். இப்படி நான்கு மாதம் திருகோடு விளையாடிக்கொண்டிருந்தபோது, ஒரு பிற்பகலில் வேப்பங்கட்டை ஒன்றை அறுக்கையில் எஞ்சினின் ஒலி திடீரென்று மெலிந்து உயர்ந்து, விசில் போலாகி, சட்டென நின்றது. கயிறு அசையவில்லை. ஆறிய பிறகு கயிறு வந்தது, ஆனால் எதிர்ப்பே இல்லாமல் வந்தது. கயிற்றின் கைப்பிடியைப் பிடித்து மெஷினைத் தூக்கினால், நல்ல கம்ப்ரஷன் உள்ள எஞ்சின் விட்டுவிட்டு மெதுவாக இறங்கும். என்னுடையது கிணற்று வாளி போல் நேரே இறங்கியது. சைலன்சரின் இரண்டு போல்ட்டுகளைக் கழற்றி, கைப்பேசி விளக்கை அடித்துப் பார்த்தபோது, பிஸ்டனின் புகைவாய்ப் பக்கம் முழுவதும் மேலிருந்து கீழாகக் கோடு கோடாகக் கீறியிருந்தது.

புதிய சிலிண்டரும் பிஸ்டனும் வாங்கிப் பூட்டினால் முடிந்தது என்று நினைத்திருந்தேன். பட்டுக்கோட்டையில் பம்புசெட் வேலை பார்க்கும் வயதான மெக்கானிக் ஒருவர் தடுத்தார். "புதுசு மாட்டறது இருக்கட்டும் தம்பி, பழசு ஏன் போச்சுன்னு பாத்தியா? அதைப் பாக்காம மாட்டினா இதுவும் ஒரு மாசம்தான்" என்றார். கார்புரேட்டரையும் சிலிண்டரையும் இணைக்கும் ரப்பர்க் குழாயைக் கழற்றி என் முன் வளைத்துக் காட்டினார். நேராக இருக்கையில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு, வளைத்ததும் மீன் வாய் போல் திறந்தது. அதன் வழியே திருட்டுத்தனமாக நுழைந்த காற்று கலவையை மெலிய வைத்திருக்கிறது. டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு ஆயில் பெட்ரோலோடு சேர்ந்துதான் வருகிறது. பெட்ரோல் குறைந்தால் மசகும் குறையும், சூடும் ஏறும். நான் ஐடில் திருகைத் திருகித் திருகி அடக்கியது நோயை அல்ல, அதன் அழுகையை. இப்போது ஐடிலில் சிறு தடுமாற்றம் கேட்டாலும், கார்புரேட்டர் கிளீனரை அந்த இணைப்பின் மேல் ஒரு சிட்டிகை பீச்சிப் பார்க்கிறேன். எஞ்சினின் ஒலி மாறினால் அங்கே காற்று நுழைகிறது. சூடான சைலன்சரில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அது எரியும் பொருள்.

செயின் ஆயில் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பெட்ரோல் தொட்டி தீரும்போது ஆயில் தொட்டியும் ஏறக்குறைய தீர்ந்திருக்க வேண்டும். நிறைந்தே இருந்தால் துளை அடைத்திருக்கிறது. காய்ந்த மட்டை ஒன்றின் மேல் பாரின் நுனியை ஒரு சாண் உயரத்தில் பிடித்து எஞ்சினை முடுக்கினால், மட்டையில் ஆயில் கோடு விழ வேண்டும். டிராக்டரில் வடித்த கறுப்பு ஆயிலைப் பலர் ஊற்றுகிறார்கள்; அதில் இருக்கும் உலோகப் பொடி ஆயில் பம்பைத் தேய்க்கிறது என்பதால் நான் மலிவான புது எஞ்சின் ஆயிலையே ஊற்றுகிறேன். செயின் மாற்றும் ஒவ்வொரு முறையும் பாரைத் தலைகீழாகத் திருப்பிப் போடுவதால் இரண்டு விளிம்பும் ஒரே அளவில் தேய்ந்திருக்கின்றன.

இப்போதைக்கு ஒரு வேலை பாக்கி. கிளட்ச் டிரம்மில் இருக்கும், செயினை இழுக்கும் பற்சக்கரமான ஸ்பிராக்கெட்டின் பற்களில் அரை மில்லிமீட்டருக்கு மேல் பள்ளம் விழுந்துவிட்டது. ஐடிலில் செயினும் மெல்ல நகர்கிறது, அதாவது கிளட்ச் ஸ்பிரிங்கும் தளர்ந்திருக்கிறது. இரண்டையும் வாங்கி வைத்திருக்கிறேன். கிளட்ச் இடப்புற மரை கொண்டது என்பதால் கடிகார முள் சுற்றும் திசையில் திருகினால்தான் கழலும். முதல் முறை இது தெரியாமல் எதிர்ப்பக்கம் சம்மட்டியால் அடித்து, கழலாமல் இன்னும் இறுக்கிவிட்டேன். இந்த முறை பிளக் துளை வழியே ஒரு முழம் பருத்திக் கயிற்றை உள்ளே விட்டு, பிஸ்டனை அசையாமல் நிறுத்திக்கொண்டு கழற்றப் போகிறேன்.