ஈநாஸ், ஐநாஸ்: ஒரே வாயு, இரண்டு குணம்

ஈநாஸ் (eNOS), ஐநாஸ் (iNOS) என்ற இரண்டு நொதிகளும் செய்வது ஒரே பொருளைத்தான்: ரத்தக் குழாயைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடு வாயு. நரம்புக்கென்று மூன்றாவது ஒன்றும் உண்டு, அதை இங்கே விட்டுவிடலாம்.

ஈநாஸ் ரத்தக் குழாயின் உள்சுவர் செல்களில் எப்போதும் இருக்கும். செல் சவ்வின் சிறு குழிகளில் கேவியோலின்-1 என்ற புரதம் அதை அடக்கி வைத்திருக்கிறது. அசிட்டைல்கோலின் போன்ற வேதிச் சைகை வந்தால் செல்லுக்குள் கால்சியம் ஏறும், கால்மோடுலின் என்ற, கால்சியத்தை உணரும் புரதம் வந்து ஒட்டும், கேவியோலின் பிடி விடும். கொஞ்சம் வாயு வெளிவரும், பக்கத்துத் தசை தளரும். 1980இல் ராபர்ட் ஃபர்ச்காட் முயலின் மகாதமனித் துண்டில் பார்த்தது இதைத்தான்: உள்சுவர் இருந்தால் அசிட்டைல்கோலினுக்குத் தசை தளர்ந்தது, அதைத் தேய்த்து எடுத்துவிட்டால் தளரவில்லை. 1998 நோபல் பரிசில் அவருக்கும் பங்கு.

ஐநாஸ் வேறு ரகம். சாதாரண நாளில் அநேகமாக இருக்காது. கிருமி நச்சோ, சைட்டோகைன் என்ற அழற்சிச் சைகைப் புரதமோ தூண்டினால், கிருமியை விழுங்கும் மேக்ரோபேஜ் முதலிய செல்கள் சில மணி நேரத்தில் அதைப் புதிதாகச் செய்யும். கால்மோடுலின் ஏற்கெனவே இறுக ஒட்டியிருப்பதால் கால்சியம் ஏறும்வரை காத்திருக்காது. மூட மறந்த தண்ணீர்க் குழாய் மாதிரி வாயுவைக் கொட்டிக்கொண்டே இருக்கும். கிருமிக்கு அடி, சரி. ஆனால் அந்த வாயு சூப்பராக்சைடு என்ற வினைமிகு ஆக்சிஜன் வடிவத்தோடு சேர்ந்தால் பெராக்சிநைட்ரைட் என்ற நச்சாகி நம் செல்லையும் அரிக்கும். தொற்றுக்கு உடல் கட்டுமீறி எதிர்வினை செய்யும் செப்சிஸில் ரத்த அழுத்தம் சரிவதிலும் இதற்குப் பங்கு உண்டு.

அப்படியானால் இரண்டையும் மருந்தால் அடக்கினால்? செப்சிஸ் முற்றி அழுத்தம் சரிந்த செப்டிக் அதிர்ச்சி நோயாளிகளிடம் செய்து பார்த்தார்கள். அழுத்தம் ஏறியது, இறப்பும் கூடியது. சோதனையைப் பாதியில் நிறுத்தினார்கள். வேண்டிய ஈநாஸும் சேர்ந்து அடங்கியதைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன்.