டிஸ்பிளே மட்டும்தான் உடைந்தது, மற்றதெல்லாம் கடையில் போனது

முதலே சொல்லிவிடுகிறேன், கடையின் பெயரைக் கேட்டு யாரும் இன்பொக்ஸுக்கு வரவேண்டாம். முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், அது முடியும்வரை பெயர் சொல்ல மாட்டேன். யாழ்ப்பாணம் டவுனுக்குள் இருக்கிற, போன் திருத்துகிற கடை, அவ்வளவு போதும். இதே கதை வேறு கடைகளில் தங்களுக்கும் நடந்தது என்று இதற்குள் நாலு பேர் சொல்லிவிட்டார்கள்.

நான் வீட்டில் வைத்துத் தைத்துக் கொடுப்பவள். சாறி பிளவுஸ்தான் கூடுதல். அளவு எடுத்தால் துண்டுப் பேப்பரில் எழுதி, துணியோடு சேர்த்துக் குண்டூசி குத்தி, அதைப் போனில் படம் எடுத்து அவரவரின் வட்ஸ்அப்பிலேயே போட்டு வைப்பது என் பழக்கம். பேப்பர் துலையும், படம் துலையாது என்பது என் எண்ணம். கனடாவிலும் லண்டனிலும் இருந்து நல்லூர்த் திருவிழாவுக்கு வருபவர்கள் வரமுதலே அளவை அனுப்பிவிடுவார்கள், வந்து இறங்கியதும் உடுப்பு தயாராக இருக்கவேண்டும். அப்படி இருநூறு பேருக்குக் கிட்ட அந்தப் போனுக்குள் இருந்தார்கள்.

கொடியேற்றத்துக்கு இரண்டு கிழமைக்கு முன்பு மெஷினுக்குப் பக்கத்தில் சார்ஜ் போட்டிருந்த போன், வயரில் என் கால் தடக்கிச் சீமெந்து நிலத்தில் குப்புற விழுந்தது. சாம்சங் ஏ32. கண்ணாடியின் ஒரு மூலையில் மட்டும் சின்ன வெடிப்பு. ஆனால் அந்த மூலையில் இருந்து மை கொட்டினது போல ஊதா நிறம் பரவத் தொடங்கி, கொஞ்ச நேரத்தில் முழுக்கக் கறுப்பு. கோல் வந்தால் மணி அடித்தது, எடுக்கத்தான் முடியவில்லை. அடுத்த நாள் விடிய ஐந்து மணிக்கு அலாரமும் தவறாமல் அடித்தது. நிற்பாட்ட வழி தெரியாமல் தலையணைக்குக் கீழே வைத்து அமத்திப் பிடித்துக்கொண்டு கிடந்தேன்.

இந்த அலாரத்தை ஞாபகம் வைத்திருங்கள், பிறகு வருகிறது.

கடை வாசலில் பெரிய ஸ்ரிக்கர்: லொக் ஆன போன், உடைந்த போன், எல்லா டேட்டாவும் 100% மீட்டுத் தரப்படும். கவுண்டரில் போனை வைத்துக்கொண்டு நிற்கும்போதே மச்சாள் கோல் எடுத்தா, மணி அடித்தது. நின்ற பெடியன் சிரித்தான். "போன் உயிரோடதான் இருக்கு அக்கா. டிஸ்பிளே மட்டும்தான்." விலை 14,500 ரூபா, இரண்டு நாளில் தரலாம் என்றான். "எனக்குப் போன் இல்லாட்டிலும் பரவாயில்லை தம்பி, உள்ளுக்குள்ள இருக்கிறது போகக்கூடாது" என்று ஒரு தடவைக்கு மூன்று தடவை சொன்னேன். "அதெல்லாம் ஒண்டும் போகாது. லொக் நம்பரைச் சொல்லுங்கோ." சொன்னேன். ஒரு துண்டு டேப்பில் எழுதிப் போனின் பின்பக்கத்தில் ஒட்டினான்.

முழுக்காசையும் கட்டிவிட்டு சிம்மைக் கழற்றிக்கொண்டு வந்து பழைய பட்டன் போனில் போட்டேன். மெமரி காட்டைக் கழற்ற மறந்துவிட்டேன். மறந்தது நல்லதாகப் போயிற்று, அதால்தான் அவர்களைப் பிடிக்க முடிந்தது.

நான்காம் நாள் கடை முதலாளியே எடுத்தார். டிஸ்பிளே போட்டாச்சாம், ஆனால் போர்ட், அதாவது போனுக்குள் இருக்கிற மெயின் பலகை, பழுதாகிவிட்டதாம். மெமரி ஐசியை, அதாவது எல்லாம் பதிந்திருக்கிற சிப்பை, கழற்றிக் கொழும்புக்கு அனுப்பினால் அங்கே மெஷினில் வைத்து டேட்டாவை எடுப்பார்களாம். 25,000 ரூபா, அதில் 8,000 முற்பணம். எனக்கு அப்போது ஐசியும் தெரியாது, பிசியும் தெரியாது. திருவிழா ஓடர்கள்தான் கண்ணுக்குள் நின்றன. அடுத்த நாள் பஸ் ஏறிப் போய்க் கொடுத்தேன். அதற்குப் பில் தரவில்லை. கடைக் காட்டின் பின்பக்கத்தில் பென்சிலால் 8,000 என்று எழுதித் தந்தார்கள். அதை வாங்கிக்கொண்டு வந்த என் புத்தியை என்ன சொல்ல!

இந்த நாட்களில் நான் செய்திருக்கக்கூடிய, ஆனால் செய்யாமல் விட்ட ஒன்றைச் சொல்லவேண்டும். தம்பியின் லப்டொப்பில் என் வட்ஸ்அப் ஏற்கெனவே இணைத்திருந்தது. போன் ஓஃப் ஆக இருந்தாலும் இணைத்த கணினியில் வட்ஸ்அப் வேலை செய்யும். ஆனால் 14 நாளுக்கு மேல் போனைப் பாவிக்காமல் விட்டால் அது தானாக வெளியே போய்விடும். அந்த 14 நாளுக்குள் இருந்து அளவுப் படங்களை ஒவ்வொன்றாக இறக்கியிருக்கலாம். நானோ, கொழும்பில் இருந்து எல்லாம் முழுசாக வரப்போகிறது என்று நம்பி, லப்டொப்பில் நாலு பேருக்குப் பதில் போட்டதோடு விட்டுவிட்டேன். பதினைந்தாம் நாள் திறந்தால் க்யூஆர் கோட் கேட்டுக்கொண்டு நிற்கிறது.

பத்தொன்பதாம் நாள் கூப்பிட்டார்கள். போனும் ஒரு பென்டிரைவும் தந்தார்கள். "1,140 படம் எடுத்துக் குடுத்திருக்கு அக்கா. வட்ஸ்அப் வரேல்லை, அது வராது. மிச்சக் காசை ஆறுதலாத் தாங்கோ." போனை ஓன் பண்ணிப் பார்த்தேன். மொழியைத் தெரிவு செய்யச் சொல்கிற முதல் திரை வந்தது, பெட்டியில் இருந்து புதிதாக எடுத்த போன் போல. அடுத்ததாகப் பழைய லொக் நம்பரை அல்லது பழைய கூகிள் கணக்கைப் போடு என்று கேட்டது. "அது கூகிள் லொக், எடுக்கிறதெண்டா இன்னொரு 3,000" என்றான் பெடியன். எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனையும் பென்டிரைவையும் தூக்கிக்கொண்டு வந்தேன். மிச்சக் காசு கொடுக்கவில்லை.

வீட்டில் பென்டிரைவைப் போட்டால் எல்லாம் பழைய படங்கள். சாம்சங் கமராவில் எடுத்த படத்தின் பெயரே திகதிதான், வருடம், மாதம், நாள், நேரம் என்று வரிசையாக இருக்கும். எல்லாவற்றிலும் கடைசிப் படம் 2022 கார்த்திகையில் எடுத்தது. அதைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ இடித்தது. 2022 கார்த்திகையில்தான் என் மெமரி காட் நிரம்பி, தம்பி கமராவைப் போனின் உள் மெமரிக்கு மாற்றிவிட்டவன். காட்டைக் கழற்றி லப்டொப்பில் போட்டோம். 1,140 படங்கள். அதே பெயர்கள். அதாவது என் போனுக்குள் என் கண் முன்னால் கிடந்த காட்டில் இருந்ததைக் கொப்பி பண்ணி, கொழும்பில் மீட்டது என்று எனக்கே விற்றிருக்கிறார்கள்.

சுன்னாகத்தில் போன் திருத்துகிற ஒரு தம்பியிடம் போனைக் கொண்டுபோனேன். அவர் திறக்கக்கூட இல்லை. பின்பக்க டேப்பைப் பார்த்துவிட்டு, "அக்கா, உங்கட நம்பரில ஏழு இருக்கோ, ஒண்டு இருக்கோ?" என்று கேட்டார். ஏழு. டேப்பில் எழுதியிருந்தது ஒன்று போலத்தான் இருந்தது. அவருடைய ஊகம் இது: புது டிஸ்பிளே போட்டு ஓன் பண்ணியிருக்கிறார்கள். நம்பரைப் பிழையாக அடித்து அடித்து, போன் காத்திருக்கச் சொல்லி நேரத்தைக் கூட்டிக்கொண்டே போயிருக்கும். எனக்கு ஒரு கோல் எடுத்துக் கேட்க வேண்டிய இடத்தில் பட்டனை அமத்தி, லொக் நம்பர் இல்லாமலே போனை அழிக்கக்கூடிய ரிக்கவரி என்ற திரைக்குப் போய் முழுதாக அழித்துவிட்டார்கள்.

"போர்ட் அடிக்கவும் இல்லை, ஐசி கழட்டவும் இல்லை" என்று அவர் சொன்னதற்குக் காரணத்தையும் சொன்னார். ஐசியைக் கழற்றிக் கொழும்புக்கு அனுப்பியிருந்தால் இந்தப் போன் எதை வைத்து ஓன் ஆகிறது? வேறு ஐசி போட்டிருந்தால் அதற்கு என்னுடைய கூகிள் கணக்கு எப்படித் தெரியும்? அந்தக் கூகிள் லொக் ஆண்ட்ராய்டு 5.1 காலத்தில், 2015-இல் வந்த விசயம். செட்டிங்ஸுக்குள் போய் ஒழுங்காக ரீசெட் பண்ணாமல் ரிக்கவரி வழியாக அழித்தால், பழைய சொந்தக்காரர் யாரென்று கேட்டு நிற்கும். களவெடுத்த போனை அழித்து விற்காமல் இருக்கச் செய்த ஏற்பாடு. என் வீட்டுக் கதவை உடைத்தவர்களைக் காட்டிக்கொடுத்ததும் அதுதான்.

இன்னொன்றும் சொன்னார், இதுதான் எனக்கு ஆக வயிறெரிந்த இடம். ஐசியை உண்மையாகவே கழற்றிக் கொழும்புக்கு என்ன, அமெரிக்காவுக்கு அனுப்பினாலும் ஒன்றும் வராதாம். 2019-இல் ஆண்ட்ராய்டு 10 வந்ததில் இருந்து புதிதாக வெளிவருகிற போன்கள் உள்ளே இருப்பதைப் பூட்டி, அதாவது மறைகுறியாக்கி வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அந்தப் பூட்டின் திறப்பு, நாங்கள் அடிக்கிற லொக் நம்பரும் அந்தப் போனின் சிப்புக்குள் இருக்கிற இரகசியமும் சேர்ந்து உண்டாவது. ஐசியைத் தனியாக எடுத்தால் கிடைப்பது குப்பை. ரீசெட் பண்ணினால் திறப்பையே எறிந்துவிடுகிறது, பிறகு எந்த மென்பொருளாலும் எடுக்க ஏலாது. 2013, 2014 காலத்துப் போன்களில் பற்றர்ன் லொக்கை டேட்டா போகாமல் எடுத்துத் தந்தவர்கள் உண்மையாகவே இருந்தார்களாம். அந்தக் காலத்துப் பெயரை வைத்துக்கொண்டுதான் இப்பவும் ஸ்ரிக்கர் ஒட்டுகிறார்கள்.

அப்படியென்றால் என்ன செய்திருக்க வேண்டும் என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை, எனக்காகக் கவலைப்பட்டார் என்றே நினைக்கிறேன். போன் அலாரம் அடிக்கிறது, கோல் வருகிறது, லொக் நம்பர் கையில் இருக்கிறது. கடையில் சோதிக்க வைத்திருக்கிற ஒரு டிஸ்பிளேயை ஒட்டாமல் வயரை மட்டும் கொழுவி, நம்பரை என்னையே அடிக்கச் சொல்லி, கணினியில் எல்லாவற்றையும் கொப்பி பண்ணிவிட்டு, அதற்குப் பிறகுதான் மற்ற வேலையைத் தொட்டிருக்க வேண்டும். ஒரு மணித்தியால வேலை. டிஸ்பிளே இல்லாமலே ஓடிஜி வயரில் கீபோட்டைக் கொழுவி நம்பரை அடித்துத் திறக்கவும் முடியுமாம், கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது போலத்தான், ஆனால் முடியும். விலை கூடின சில போன்களை டிவியிலேயே கொழுவிப் பார்க்கலாமாம், என்னுடையதில் அந்த வசதி இல்லை.

லொக் நம்பரையே மறந்தவர்களுக்குக் கதை வேறு. சாவகச்சேரியில் இருக்கிற மாமி பற்றர்னை மறந்துவிட்டு, "டேட்டா போகாது" என்ற கடையில் கொடுத்து வெறும் போனை வாங்கி வந்தவர். சாம்சங் கணக்கில் தூரத்தில் இருந்து திறக்கிற வசதியை முதலே போட்டு வைத்திருந்தால் அதால் திறக்கலாம். போட்டிருக்காவிட்டால் கூகிள் கணக்கில் எது ஏறியிருக்கிறதோ அதுதான் மிச்சம். கடையில் திறப்பது என்றால் அழிப்பதுதான்.

எனக்கு மிச்சமாக வந்தது இவ்வளவு. தொலைபேசி இலக்கங்கள் எல்லாம் கூகிள் கணக்கில் இருந்தன, ஒன்றும் போகவில்லை. வட்ஸ்அப்பை அதே சிம்மில் திரும்பப் போட்டபோது சில மாதங்களுக்கு முந்திய பக்கப் ஒன்று வந்தது. கூகிளில் இலவசமாகத் தருகிற 15 ஜிபி நிரம்பியதால் அதற்குப் பிறகு பக்கப் ஏறவே இல்லை. நிரம்பிவிட்டது என்று மெயில் வந்துகொண்டுதான் இருந்தது, விளம்பரம் என்று நினைத்துத் தள்ளிவிட்டிருக்கிறேன்.

கடைக்குத் தம்பியையும் கூட்டிக்கொண்டு போனேன். மெமரி காட்டையும் பென்டிரைவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியதும் முதலாளியின் குரல் மாறியது. 8,000 ரூபாவை எண்ணித் தந்தார். "அண்ணை, அழிச்சது நீங்கள்தானே?" என்றேன். பில்லின் அடியில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் இருந்த வரியைத் தொட்டுக் காட்டினார்: டேட்டாவுக்கு நாங்கள் பொறுப்பில்லை. வாசலில் 100%, பில்லில் பொறுப்பில்லை. டிஸ்பிளேக் காசு தர ஏலாது என்றார், டிஸ்பிளே வேலை செய்கிறதுதானே என்று கேட்டார். அதில் நியாயம் இருக்கிறதா இல்லையா என்று எனக்கே இன்னும் பிடிபடவில்லை.

காசை விட எனக்கு நித்திரையைக் கெடுத்தது வேறு. பிளவுஸ் சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் பெண்கள் போட்டுப் பார்த்து முன்னும் பின்னும் படம் எடுத்து எனக்கு அனுப்புவார்கள். அப்படிப்பட்ட போனை, லொக் நம்பரை முதுகில் ஒட்டி, முன்பின் தெரியாத கடையில் பத்தொன்பது நாள் விட்டிருக்கிறேன். உள்ளே போனார்களா, போகவில்லையா என்று எனக்குத் தெரியாது. நம்பரைப் பிழையாக எழுதியதால் போக முடியாமல் இருந்திருக்கும் என்று இப்போது அந்தப் பிழைக்கே நன்றி சொல்லவேண்டிய நிலை. ஒவ்வொருவராக எடுத்துச் சொன்னேன். லண்டனில் இருக்கும் ஒரு பிள்ளை கொஞ்ச நேரம் கதைக்கவே இல்லை. பிறகு, "என்ர படமும் இருந்ததோ அக்கா?" என்று மட்டும் கேட்டா.

பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்குக் கோல் எடுத்தேன். முறைப்பாடு எழுத்தில் வேண்டும், பில் வேண்டும் என்றார்கள். சேவை பெற்று 3 மாதத்துக்குள் எழுதவேண்டும் என்பதால் இழுத்தடிக்கவில்லை. டிஸ்பிளேப் பில், பென்சிலால் எழுதின காட், டேப் ஒட்டின போனின் படம், இரண்டு இடத்துப் படங்களின் பெயர்ப் பட்டியல் எல்லாம் வைத்துக் கடிதத்தை எழுதி, செவ்வாய்க்கிழமை கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். பதில் வந்தால் இங்கேயே எழுதுகிறேன். என்னிடம் அளவு கொடுத்தவர்கள், கடைசிச் சில மாதங்களுக்குள் கொடுத்திருந்தால், தயவுசெய்து திரும்ப ஒருமுறை அனுப்புங்கள். இந்த முறை கொப்பியிலும் எழுதுகிறேன்.