வைரஸ் கவசம்னு போட்டு விக்கிற புட்டிரேட் கேப்சூல், 5க்கு 2 ஸ்டார்

முதல்ல நாத்தத்தைப் பத்தி சொல்லிடறேன், ஏன்னா மூடியைத் திறந்ததும் அதான் மூக்குல ஏறுது. கெட்டுப்போன வெண்ணெய் மாதிரி. இதுக்காகவே ஒரு ஸ்டார் குடுத்தவங்க நிறைய பேர் இருக்காங்க, அது நியாயமில்லங்க, குடல் பாக்டீரியா செய்யற கொழுப்பு அமிலம்தான் புட்டிரேட், அதோட குணமே அதான். கேப்சூல் சைஸ் ஓகே, முழுங்கறதுக்கு கஷ்டமில்ல, வயிறும் எதுவும் பண்ணல.

என் கடுப்பெல்லாம் டப்பா மேல இருக்கிற வாசகத்து மேலதான். "குடல் பாக்டீரியா தரும் வைரஸ் கவசம்"னு பெருசா போட்டுட்டு, கீழ பொடி எழுத்துல "ஆய்வுகளின் அடிப்படையில்"னு முடிச்சுட்டாங்க. எந்த ஆய்வு, எலியிலயா மனுஷங்ககிட்டயா, ஒண்ணும் கிடையாது.

ஆய்வே இல்லன்னு சொல்லல. நம்மால செரிக்க முடியாத நார்ச்சத்தை பெருங்குடல்ல பாக்டீரியா நொதிக்க வெச்சு அசிடேட், புரோபியனேட், புட்டிரேட்னு சின்ன கொழுப்பு அமிலங்களா மாத்துது. 2018ல வந்த ஒரு ஆய்வுல நார்ச்சத்து அதிகமா தின்ன எலிங்க ஃப்ளூ வந்தப்போ நல்லா தாக்குப்பிடிச்சுது, நுரையீரல்ல போய் குவிஞ்சு நாசம் பண்ற நியூட்ரோஃபில்ங்கற வெள்ளை அணுக்கள் குறைஞ்சுது, வைரஸ் புகுந்த செல்லைக் கொல்ற சிடி8 டி செல்லு சுறுசுறுப்பாச்சு. இது நிஜமாவே அருமையான விஷயம்.

ஆனா 2017ல வந்த ஆய்வைப் பாருங்க. அதுல புட்டிரேட் இல்ல, டெஸ்அமினோடைரோசின்னு வேற ஒண்ணு, செடி உணவுல இருக்கிற ஃபிளேவனாய்டுங்கற பொருளை உடைச்சு ஒரு வகை க்ளாஸ்ட்ரிடியம் பாக்டீரியா செய்யறது. ஃப்ளூ தொத்தறதுக்கு முன்னாடியே இதைக் குடுத்த எலிங்களுக்கு இன்டர்ஃபெரான்ங்கற, வைரஸை எதிர்க்க உடம்பு குடுக்கிற சிக்னல் தூண்டப்பட்டு நுரையீரல் சேதம் நல்லா குறைஞ்சுது, ஆனா வைரஸ் அளவு மட்டும் குடுக்காத எலிங்க மாதிரியே இருந்துச்சு. அதாவது வைரஸை வெளியவே நிறுத்தல, வைரஸோட சண்டை போடறப்போ உடம்பு தன்னைத்தானே கெடுத்துக்கறதைத்தான் குறைச்சுது. இதுக்குப் பேரு கவசமா?

சிக்குன்குனியாவுக்கு வந்தா கதை இன்னும் வேற, அங்க எலியில வேலை செஞ்சது பாக்டீரியா மாத்தி அமைச்ச ஒரு பித்த அமிலம், புட்டிரேட்டுக்கு அந்தக் கதையில வேலையே இல்ல. இதுல இன்னொண்ணு, 2020ல லேப்ல வளர்த்த செல்லுல புட்டிரேட் போட்டுப் பார்த்தப்போ வைரஸை எதிர்க்கிற சில ஜீன்களை அது அடக்கிடுச்சு, வைரஸ் தொத்தறது கூடிச்சு. டிஷ்ல நடக்கிறது அப்படியே உடம்புல நடக்கும்னு இல்லதான், ஆனா எலி ரிசல்ட்டை மட்டும் டப்பாவுக்கு எடுத்துக்கிட்டு இதை விட்டுட்டா எப்படி? எந்த வைரஸ், எந்தப் பொருள், எந்த நேரம்னு ஒவ்வொண்ணுக்கும் பதில் மாறுது, இவங்க எல்லாத்தையும் "வைரஸ்"னு ஒரே மூட்டையா கட்டிட்டாங்க.

அப்புறம் கோட்டிங். "வயிற்று அமிலத்தைத் தாங்கும்"னு பெருமையா போட்டிருக்காங்க, சரி, தாங்குது, ஆனா அந்த மாதிரி கோட்டிங் சாதாரணமா சிறுகுடல்லயே கரைஞ்சிடும். பாக்டீரியா புட்டிரேட் செய்யறது பெருங்குடல்ல, அதுவும் உள்ள போற நார்ச்சத்தைப் பொறுத்து கொஞ்சம் கொஞ்சமா. அந்த இடம் வரைக்கும் எவ்வளவு போய் சேருதுன்னு டப்பாவுல எங்கயுமே இல்ல.

"இதை ஆரம்பிச்சதுல இருந்து சளியே பிடிக்கல"ன்னு 5 ஸ்டார் போட்டவங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு, சாப்பிடாம இருந்திருந்தா பிடிச்சிருக்கும்னு எப்படிங்க தெரியும்? எனக்கு நடுவுல சளி பிடிச்சுது, அதுக்காக கேப்சூல் வேஸ்ட்னும் நான் சொல்ல மாட்டேன், ஒரு ஆளை வெச்சு ரெண்டு பக்கமும் பேச முடியாது.

ரெண்டு ஸ்டாரும் அளவு தெளிவா போட்டதுக்கும் பேக்கிங்குக்கும். கோட்டிங் எங்க கரையும்னு கஸ்டமர் கேருக்கு மெயில் போட்டேன், "உங்கள் ஆரோக்கியமே எங்கள் குறிக்கோள்"னு ஒரு பதிலும் அடுத்த ஆர்டருக்கு ஒரு கூப்பனும் வந்துச்சு.